மாயாண்டி மாமாவின் பல்லும் ராமையாவின் சாவும்

மாயாண்டி மாமா வேலையிடத்துக்கு ஃபோன் போடுவதற்கு முன்னால் கூடத்துச் சுவரை ஒரு தடவை அண்ணாந்து பார்ப்பார். அங்கே வரிசையாக ஏழு படங்கள் மாட்டியிருக்கும். எல்லாரும் காலமான உறவுக்காரர்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் மாலை, ஒரு சின்னச் சிவப்பு பல்பு. மாமா இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்த்துக்கொண்டே போய், ஒரு முகத்தில் கண்ணை நிறுத்தி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு எண்களை அழுத்துவார். சின்ன வயதில், பெரியவர்களைக் கும்பிட்டுவிட்டுப் பேசுகிறார் என்று நினைத்திருந்தேன். யாரைச் சாகடிக்கலாம் என்று அவர் தேடுகிறார் என்பது பதினோரு வயதில்தான் எனக்குப் புரிந்தது.

மாமா என் அம்மாவின் அண்ணன். பீடோர் டவுனுக்கு வெளியே ஓர் உரக்கிடங்கில் ஜாகா, அதாவது காவலாளி வேலை. அதற்கு முன்னால் இருபது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். லீவு கேட்கும் கலையை அங்கேதான் கற்றுக்கொண்டிருக்கிறார். காய்ச்சல் என்று போனால் தோட்ட ஆஸ்பத்திரி டிரசர் ஒரு வெள்ளை மருந்தை வாயில் ஊற்றி வெளிக்காட்டு வேலைக்கே திருப்பி அனுப்பிவிடுவாராம். கல்யாணம் என்றால், “ஞாயித்துக்கெழம வைக்கக் கூடாதா?” என்று ஆபீஸ் கிராணி கேட்பாராம். சாவுக்கு மட்டும் எதிர்க்கேள்வி கிடையாது. மேற்பார்வை பார்க்கும் மண்டோர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “போய்ட்டு வாலா” என்பாராம். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, கம்பெனி கைமாறியது, மாமா காக்கிச் சட்டை போட்டு ஜாகா ஆனார். காரணம் மட்டும் மாறவில்லை.

இதில் அவருக்கு ஒரு தர்மம் உண்டு. உயிரோடு இருப்பவர்களைத் தொட மாட்டார்.

“உசுரோட இருக்கறவங்கள சொன்னா பாவம். செத்தவங்க இன்னொரு வாட்டி செத்தா அவங்களுக்கு என்னா நஷ்டம்?”

அதிகம் செத்தவர் ராமையா. மாமாவின் மனைவி பாப்பா அத்தையின் அண்ணன், அதாவது மாமாவுக்கு மச்சான். 1998-இல் ஒரே ஒரு தடவை முறைப்படி காலமானவர். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தே ஒன்பது முறை போய்ச் சேர்ந்தார். கிடங்கில் சூப்பர்வைசர்கள் அடிக்கடி மாறியதால் பிழைப்பு ஓடியது. ஒரே ஒருவர் மட்டும் கொஞ்சம் ஞாபகசக்தி உள்ளவர். “ராமையா போன தீபாவளிக்குத்தானே செத்தாரு?” என்று கேட்டுவிட்டார்.

“அது பெரிய ராமையா, பாஸ். இது சின்ன ராமையா.”

நான் எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. தொடர்பியல் படித்தேன். படிப்பு முடிந்ததும் செய்த முதல் காரியம், மாமாவுக்கு அறிவுரை சொன்னது. தொழிலாளர் சட்டம் இருக்கிறது, மருத்துவ விடுப்பு உங்கள் உரிமை, பொய் சொல்லத் தேவையே இல்லை என்று கூடத்தில் நின்று பேசினேன். மாமா முழுவதையும் மரியாதையாகக் கேட்டார்.

“சட்டம் இருக்கட்டும் ஷாமி. சூப்பர்வைசர் இருக்கானே, அவன என்னா செய்றது?”

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு அறிவிப்பதற்கு இரண்டு நாள் முன்னால் கோலாலம்பூர் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்தேன். பட்டம் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலை கிடைக்கவில்லை. ஊரில் யாராவது கேட்டால், “இப்ப எல்லாமே மூடிட்டாங்கல்ல” என்றேன். அதற்கு முன்னால் எல்லாம் திறந்திருந்த எட்டு மாதத்தைப் பற்றி யாரும் கேட்காமல் நோய்த்தொற்று என்னைக் காப்பாற்றியது.

எங்கள் வீடும் மாமா வீடும் பழைய தோட்டத்தின் ஒரே வரிசை வீடுகளில் அடுத்தடுத்து இருந்தன. ஏப்ரல் இரண்டாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, சுவருக்கு அந்தப் பக்கம் முனகல் கேட்டது. மாமாவுக்குக் கீழ்வரிசையில் வலது கடைவாய்ப் பல். முதல் நாள் கிராம்பு. இரண்டாம் நாள் உப்புத் தண்ணீர், கோடாலித் தைலம். மூன்றாம் நாள் யாரோ கொடுத்த சம்சு சாராயத்தைப் பஞ்சில் நனைத்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு சம்சுவை மட்டும் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை காலையில் கன்னம் ஒரு பாவ் பன் அளவுக்கு வீங்கித் தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது.

பீடோரில் திறந்திருந்த ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் இரண்டு மீட்டர் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

“உள்ளே சீழ் கட்டியிருக்கு. மருந்து தரேன், ஆனா மருந்து மட்டும் போதாது. பல் இன்னைக்கே வெளியே வரணும். வீக்கம் கழுத்துக்கு இறங்குனா மூச்சு அடைச்சிடும்.” ஈப்போவில் அவசரப் பல் சிகிச்சை செய்யும் ஓர் அரசாங்க கிளினிக்குக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தார். என்னைப் பார்த்து, “வழியில அவர எச்சில் முழுங்கச் சொல்லிக்கிட்டே இரும்மா. முழுங்க முடியலன்னா நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போயிடு. வீட்டுக்கு மட்டும் திரும்பாதே” என்றார்.

அம்மாவின் பழைய கான்சில் காரில் கிளம்பினோம். மாமா பின்சீட்டில், மூக்கு முதல் தாடைவரை முகக்கவரி. கடிதம் அவர் சட்டைப் பையில். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நான் கேட்டேன்.

“மாமா, முழுங்குங்க.”

கண்ணாடியில் அவர் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் கியரை மாற்றினேன். தாப்பா தாண்டும்போது உடனே ஏறி இறங்கியது. கம்பாரில் கொஞ்சம் யோசித்து இறங்கியது.

கோப்பெங் தாண்டிச் சாலைத்தடுப்பு. போலீஸ், துப்பாக்கியோடு ராணுவம், ஓரத்தில் சுகாதாரத் துறைக் கூடாரம். ஒரு போலீஸ் கோப்பரல் குனிந்து மலாயில் கேட்டார்.

“எங்கே போறீங்க, பக்சிக்?” பக்சிக் என்றால் பெரியவரே.

நான் வாயைத் திறந்துவிட்டேன். ‘அவசர சிகிச்சை, கடிதம் இருக்கிறது’ என்ற வாக்கியத்தை கம்பாரிலிருந்தே தயாரித்து வைத்திருந்தேன். அதற்குள் மாமா முன்னால் சாய்ந்தார். காரின் கூரையை ஒரு விநாடி அண்ணாந்து பார்த்தார். அங்கே படங்கள் எதுவும் மாட்டியிருக்கவில்லை. இருந்தாலும் அவருக்குத் தெரிந்தன.

“அடா ஓராங் மாத்தி, துவான்.” ஆள் செத்துப்போச்சு, ஐயா.

கோப்பரல் என்னைப் பார்த்தார். “பெத்துல்?” உண்மையா?

இந்த இடத்தைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். என்னிடம் ஒரு பட்டம் இருந்தது. என்னிடம் உண்மை இருந்தது, அதற்கு ஆதாரமாகக் கடிதமும் இருந்தது. ஆனால் சீருடை போட்ட ஒருவர் குனிந்து கேட்டதும், நான்கு தலைமுறையாகத் தோட்டத்தில் கைகட்டி நின்ற ஏதோ ஒன்று என் வாயைப் பயன்படுத்திக்கொண்டது.

“பெத்துல், துவான்” என்றேன்.

கோப்பரல் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி ஆறுதல் சொன்னார். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

“யார் இறந்தது?”

“மச்சான்.”

“பேர்?”

“ராமையா.”

“எப்போ?”

“நேத்து.”

“எதனால?”

மாமா இதை எதிர்பார்க்கவில்லை. முப்பது வருடத்தில் எந்த மண்டோரும் எந்த சூப்பர்வைசரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ராமையா நேரடியாகச் செத்துவிடுவார், அவ்வளவுதான். காரணம் எதுவும் கைவசம் இல்லை. தோட்டத்தில் வழக்கமாக எல்லாரும் எதனால் செத்தார்களோ அதையே அவசரத்துக்கு எடுத்துக் கொடுத்தார்.

“காய்ச்ச. இருமல்.”

2020 ஏப்ரல் மாதத்தில் மலேசியாவில் இதைவிட மோசமான இரண்டு சொற்களை யாரும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. கோப்பரலின் பேனா நின்றது. அவர் இரண்டு எட்டு பின்னால் போனார். அவருக்குப் பின்னால் நின்ற சிப்பாய் நாலு எட்டு போனார்.

கூடாரத்திலிருந்து நீல அங்கி போட்ட ஒருவர் வந்து மாமாவின் நெற்றியில் வெப்பமானியைக் காட்டினார். பல்லில் சீழ் வைத்தவருக்குக் காய்ச்சல் இல்லாமல் இருக்குமா? முப்பத்தெட்டு புள்ளி இரண்டு. எங்களைச் சாலையோரமாக நிறுத்தச் சொல்லி, காரைச் சுற்றி நான்கு ஆரஞ்சுக் கூம்புகளை வைத்தார்கள். எங்களுக்குப் பின்னால் நின்ற வண்டிகளில் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக ஏறின.

நீல அங்கிக்காரர் ஒரு படிவத்தோடு வந்து தூரத்தில் நின்று கேட்டார். “இறந்தவரைக் கடைசியா எப்போ பார்த்தீங்க? அவர் வீட்டுல எத்தனை பேர்? யார் யார் கிட்ட இருந்தாங்க?” ஆம்புலன்ஸ் வரும், இரண்டு பேருக்கும் பரிசோதனை, முடிவு வரும்வரை தனிமைப்படுத்தும் இடத்தில் இருக்க வேண்டும் என்றார்.

“முடிவு வர எத்தன நாள்?”

“மூணு. சில நேரம் அஞ்சு.”

நான் திரும்பி, “மாமா, முழுங்குங்க” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு முயன்றார். தொண்டைக்குழி பாதி ஏறி, நின்று, பிறகு இறங்கியது. கண்ணோரத்தில் நீர் வந்துவிட்டது.

ஐந்து நாள் என்பது இனி சாத்தியமே இல்லை. நான் கதவைத் திறந்து கூம்புகளுக்கு நடுவிலேயே நின்றுகொண்டு கத்தினேன்.

“துவான்! நாங்க பொய் சொல்லிட்டோம். யாரும் சாகல!”

கோப்பரல் அங்கிருந்தே பார்த்தார். “இப்போதான் செத்துட்டாருன்னு சொன்னீங்க.”

“செத்துட்டாரு. ஆனா நேத்து இல்ல. தொண்ணூத்தெட்டுல.”

“எந்தத் தொண்ணூத்தெட்டு?”

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து.”

அவர் மெதுவாகத் தொப்பியைச் சரிசெய்தார். மாமாவின் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, கையை நீட்டிக் காட்டி, பல் விஷயத்தை விளக்கினேன். கடிதத்தைப் படித்ததும் கோப்பரலின் குழப்பம் அதிகமானது.

“பல்லுக்குப் போறதுக்கு எதுக்கு ஆளைக் கொல்றீங்க?”

நான் மூன்று மொழி படித்தவள். வாயில் வந்தது ‘பழக்கம், துவான்’ என்பது மட்டும்தான்.

“காலையிலேர்ந்து சாவுன்னு பொய் சொன்னவங்க நாலு பேரு. சாவே இல்லேன்னு யாரும் சொன்னதில்ல. ஆம்புலன்ஸுன்னதும் பயந்துட்டு மாத்திப் பேசுறீங்களா? அவர் முன்னாலேயே செத்ததுக்கு என்ன ஆதாரம்?”

ஆதாரம் மாமா வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள் போட்டிருக்கும். பாப்பா அத்தைக்கு அழைத்தேன். போலீசுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அது தவறு.

“அத்தே, ஒங்கண்ணன் படத்த ஒரு ஃபோட்டோ புடிச்சு அனுப்புங்க. கீழ தேதி தெரியணும்.”

“எதுக்குடி?”

“போலீஸ் கேக்குறாங்க.”

“செத்தவன போலீஸ் எதுக்குடி தேடுது?”

“மாமா... அவரு நேத்துதான் செத்தாருன்னு சொல்லிட்டாரு.”

அந்தப் பக்கம் அத்தை டிவியை அணைத்தார். சுவர்க்கடிகாரம்கூடக் கேட்டது.

“எங்கண்ணனயா?”

“ம்.”

“ஒரு பல்லுக்கா?”

“ம்.”

“ஃபோன அந்தாளுகிட்ட குடு.”

“அவரால வாயத் தொறக்க முடியல அத்தே.”

“இத்தன வருசமா தொறந்ததுக்குத்தான் இப்ப மூடிக்கிச்சு!”

கோப்பரலுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவருக்கும் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். முகக்கவரிக்கு மேலே கண் சுருங்கியது. “இது மனைவியா?” என்று மட்டும் கேட்டார்.

முதலில் வந்த படத்தில் அத்தையின் கட்டை விரல் இருந்தது. இரண்டாவதில் ராமையாவின் நெற்றி. மூன்றாவதில் ஏழு பேரும். கோப்பரல் என் ஃபோனை நிலத்தில் வைக்கச் சொல்லி, குனிந்து பெரிதாக்கிப் பார்த்தார். எழுத்து புரியாவிட்டாலும் 14.6.1998 எந்த மொழியிலும் ஒன்றுதான்.

“இந்த மத்த ஆறு பேர்?”

“எல்லாருமே பழையவங்க, துவான். யாரும் புதுசு இல்ல.”

நீல அங்கிக்காரர் மாமாவை முகக்கவரியை இறக்கச் சொன்னார். மாமா இறக்கினார். “அலாமாக்!” என்று பதறினார் சிப்பாய். அதுவரை அந்த வீக்கத்தைக் கவரி மறைத்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு மட்டும்தான் பல்வலி தெரிந்திருந்தது, உலகத்துக்கு இருமல்தான் தெரிந்திருந்தது.

“போங்க, போங்க. சீக்கிரம் போங்க” என்றார் நீல அங்கிக்காரர். கோப்பரல் கடிதத்தின் பின்னால் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆறு மணிக்குள் திரும்பச் சொன்னார். பிறகு ஜன்னலில் குனிந்தார்.

“பக்சிக், அடுத்த தடுப்புல பல்லுன்னே சொல்லுங்க.”

சிம்பாங் பூலாய் பக்கம் அடுத்த தடுப்பு வந்தது. இன்னும் முப்பது மீட்டர் இருக்கும்போதே மாமா தலையை வெளியே நீட்டி, கவரியை இறக்கி, “கிகி! சாக்கிட் கிகி!” என்று கத்தினார். பல், பல்வலி. வண்டியை நிறுத்தவே விடாமல் கையசைத்து அனுப்பிவிட்டார்கள். மாமா பின்சீட்டில் சாய்ந்து, உண்மை இவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை நம்ப முடியாதவராக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆனால் கூம்புகளுக்கு நடுவில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போயிருந்தது. கிளினிக் வாசலை அடைந்தபோது இரண்டரை. கேட்டில் நின்ற ஜாகா முப்பது வயதுக்குள் இருப்பார், எங்கள் ஆள்தான், தமிழர்.

“பின்னேரத்துக்கு அஞ்சு பேருதான் அண்ணே. நம்பர் டேக் முடிஞ்சிருச்சு. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வாங்க.”

கடிதத்தைக் காட்டினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். குரலை உயர்த்தினேன். உரிமை என்ற சொல்லைக்கூடப் பயன்படுத்தினேன். அவர் அசையவில்லை. மாமா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

“உடு ஷாமி. நானா இருந்தாலும் உட்டுருக்க மாட்டேன்.”

உயிர் போகிற வலியிலும் அந்த இளைஞரை அவர் தொழில்முறையில் பாராட்டிப் பார்ப்பதாகவே எனக்குப் பட்டது.

“மாமா, முழுங்குங்க.”

அவர் முயன்றார். முடியவில்லை. கைத்துண்டை வாயில் வைத்து எச்சிலை அதில் விட்டார்.

“எமர்ஜென்சிக்குப் போலாம்.”

“வேணா. அங்க எல்லாம் அந்த நோய்க்காரங்க. பல்லோட சேத்து என்னையும் எடுத்துருவாங்க.”

வாசலுக்குள்ளே, நிழலில், இடைவெளி விட்டுப் போட்டிருந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பூப்போட்ட துணியில் தைத்த முகக்கவரி. கழுத்தில் சிலுவை, அதற்குப் பக்கத்தில் 5 என்று எழுதிய பிளாஸ்டிக் டேக்.

“எச்சிலு முழுங்க முடியலயா அண்ணனுக்கு?” என்று கேட்டார்.

“முடியலக்கா” என்றேன்.

அவர் உடனே எழுந்து டேக்கைக் கழற்றிக் கம்பிக்கு இந்தப் பக்கம் நீட்டினார். “இந்தாங்க.”

மாமா தலையை ஆட்டி மறுத்தார்.

“ஐயோ, எடுத்துக்குங்க அண்ணே! நான் புண்ணியத்துக்குக் குடுக்கல. காலையிலேர்ந்து யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னுதான் ஒக்காந்திருக்கேன். எம்பேரு எல்ஸி. ஸ்கூல் கண்டீன்ல சமைக்கிறேன். கோழி வெட்டுவேன், பாம்பு வந்தா கம்பெடுத்து அடிப்பேன். பல்லு புடுங்கணும்னா மட்டும் கை காலெல்லாம் வெலவெலக்குது. மூணு வருசமா இந்தப் பல்ல வச்சிக்கிட்டு லோல்படுறேன்.”

மாமாவின் கை மெதுவாக நீண்டது. டேக்கைப் பிடித்ததும் எல்ஸி அதை விடவில்லை.

“ஒண்ணே ஒண்ணு அண்ணே. வெளிய வந்து, வலிச்சுச்சா இல்லையான்னு எனக்கு உண்மையச் சொல்லணும். எல்லாரும் எறும்பு கடிச்ச மாரின்னு பொய் சொல்றாங்க. எங்க வீட்டுக்காரரு சொல்றாரு, ஃபாதர்கூட சொல்றாரு. நீங்க சொல்றத வச்சித்தான் நாளைக்கு வரதா, இல்ல இந்தப் பல்லோடயே போய்ச் சேர்றதான்னு முடிவு பண்ணுவேன். இங்கயே ஒக்காந்திருப்பேன். சரியா?”

மாமா நெஞ்சில் கை வைத்தார். “சத்தியமா.”

ஜாகா குறுக்கே வந்தார். “டேக்க மாத்திக்கலாமான்னு தெரியலயே.”

மாமா கைத்துண்டை எடுத்துவிட்டு, ஒரு ஜாகா இன்னொரு ஜாகாவிடம் பேசும் குரலில் சொன்னார். “தம்பி, டேக்கு அஞ்சு. ஆளு அஞ்சு. ஒங்க புத்தகத்துல வேற என்னா எழுதியிருக்கு?”

அந்த இளைஞர் யோசித்தார். அவருடைய புத்தகத்தில் வேறு எதுவும் எழுதியிருக்கவில்லை. கதவைத் திறந்தார்.

துணைக்கு ஆள் உள்ளே போக முடியாது. காரில் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம். அந்த நேரத்தில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நானும் எச்சிலை முழுங்கிப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

போனவர் போன வழியே வர முடியாதபடி அம்புக்குறி போட்டிருந்தார்கள். மாமா கட்டடத்தின் பின்வாசலில் வந்தார். வாயில் பஞ்சு. கூடவே தலையிலிருந்து கால்வரை மூடிய பல் டாக்டர். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு இளம் கண்கள் மட்டும் தெரிந்தன.

“ஒரு மணி நேரம் பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருக்கணும். பேசக் கூடாது. நாளைக்கு வந்திருந்தீங்கன்னா ஐ.சி.யு.வுக்குத்தான் அனுப்பியிருப்பேன்” என்றார்.

“மாமா, முழுங்குங்க.”

தொண்டைக்குழி ஏறியது, இறங்கியது. நான் அந்த வாகனம் நிறுத்துமிடத்திலேயே அழுதேன். மாமா என் தலையில் தட்டிவிட்டு, முன்வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

எல்ஸி.

பின்வாசலிலிருந்து முன்வாசலுக்குப் போகும் வழியில் சிவப்பு வெள்ளை நாடா கட்டியிருந்தது. அங்கே நின்ற இன்னொரு ஜாகா, சிகிச்சை முடிந்தவர்கள் வீட்டுக்குப் போகணும் என்றார்.

“மாமா, வலிச்சுச்சா? தலைய மட்டும் ஆட்டுங்க. நான் யாருகிட்டயாச்சும் சொல்லி அனுப்புறேன்.”

அவர் தலையை மேலும் கீழும் ஆட்டவில்லை. பக்கவாட்டிலும் ஆட்டவில்லை. தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு வாயைத் தொட்டுக் காட்டினார். நானே சொல்லணும்.

காரிலேயே ஒரு மணி நேரம் காத்திருக்கலாம் என்று உட்கார்ந்தோம். பத்தாவது நிமிடத்தில் ரோந்து வண்டி ஒலிபெருக்கியில் எங்களைக் கலையச் சொன்னது. வேறு வழியில்லாமல் சுற்றிக்கொண்டு முன்வாசல் சாலைக்கு வந்தேன். எல்ஸி அந்தச் சிவப்பு நாற்காலியிலேயே, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கள் காரைக் கண்டதும் எழுந்து கம்பிவேலியருகே ஓடி வந்தார்.

“அண்ணே! சொல்லுங்க அண்ணே!”

மாமாவால் பொறுக்க முடியவில்லை. கவரியை இழுத்து, பஞ்சைப் பிடுங்கி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாயைத் திறந்தார். உதடும் நாக்கும் மரத்துப் போயிருந்தன. சொல் எதுவும் வரவில்லை. ‘ஆ’ என்று ஒரு சத்தமும், அதைத் தொடர்ந்து தாடை வழியாகக் கழுத்துவரை ரத்தமும் எச்சிலுமாக ஒழுகலும்தான் வந்தன. 

எல்ஸி அதைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிர்த்திசையில், திரும்பியே பார்க்காமல் நடந்தார். ரோந்து வண்டி பின்னால் ஹாரன் அடித்தது. நான் காரை நகர்த்தினேன். மாமா பின்கண்ணாடி வழியாக இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டே வந்தார்.

வீட்டில் அத்தை நான்கு நாள் பேசவில்லை. அண்ணன் படத்தைப் படுக்கையறைக்கு மாற்றி, தன் தலைமாட்டில் மாட்டிக்கொண்டார். மாமாவின் வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்தது. வாய் முழுதாகத் திறந்த அன்றே அவர் சொன்ன முதல் வாக்கியம்: “அந்தம்மா தப்பா நெனச்சிருச்சு.”

கட்டுப்பாடு தளர்ந்ததும் பஸ் ஏறி ஈப்போ போனார். அந்த கிளினிக்கில் விசாரித்தார். நோயாளிகள் விவரம் தர மாட்டோம் என்றார்கள். எந்தப் பள்ளிக்கூடக் கண்டீன் என்று எல்ஸி சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டாவது தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருநீற்றைத் துடைத்துவிட்டு, தமிழ்ப் பூசை நடக்கும் ஒரு தேவாலயத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் நின்றார். அங்கே போன பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. எல்ஸியின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. கண்ணும் குரலும்தான் தெரியும். அன்றைக்கு எல்லாரும் கவரி போட்டிருந்தார்கள், எல்லாருக்கும் கண்கள் இருந்தன.

“யாராச்சும் பேசுவாங்கன்னு பாத்தேன். எல்லாரும் பாடுறாங்க” என்றார் திரும்பி வந்து.

மூன்றாவது தடவை போனபோது வாசலில் நின்று, ஐம்பது வயதுப் பெண்களாகப் பார்த்து, “ஒங்க பல்லு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். அதோடு அந்தத் தேடல் முடிந்தது. எப்படி முடிந்தது என்று அவர் சொல்லவில்லை, அத்தையும் கேட்கவில்லை.

எனக்குப் பிறகு வேலை கிடைத்தது. ஈப்போவில் ஒரு சின்ன அலுவலகம். நேர்முகத் தேர்வில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். செம்பனைக் காட்டில் குலை அறுக்கிறார் என்றேன். முன்பு எட்டு தேர்வுகளில் ‘வேளாண் துறை’ என்று சொல்லியிருந்தேன். ஒன்றும் ஆகிவிடவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

இத்தனை வருடத்தில் வீட்டில் எல்லாரும் மாமாவிடம் கேட்டுவிட்டோம். பிடுங்கும்போது வலித்ததா, இல்லையா? சாதாரணக் கேள்வி. அவர் வாயே திறப்பதில்லை. அத்தை கேட்டார், அம்மா கேட்டார், கிடங்கில் கூட வேலை செய்கிறவர்கள் பந்தயம்கூடக் கட்டினார்கள்.

போன மாதம் எனக்கே கடைவாயில் ஒரு பல் தொல்லை கொடுத்தது. பிடுங்க வேண்டும் என்று நாள் குறித்துவிட்டார்கள். முந்தின நாள் மாமா வீட்டுக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

“மாமா, வெளையாட்டு இல்ல. எனக்குப் பயமா இருக்கு. எனக்காவது சொல்லுங்க. வலிச்சுச்சா?”

அவர் என்னை இரக்கமாகத்தான் பார்த்தார். வாயைத் திறக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

“அந்தம்மாதான் மொதல்ல கேட்டுச்சு ஷாமி. அதுக்குச் சொல்லாம ஒனக்கு எப்படிலா சொல்றது? வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

மறுநாள் காலை எனக்கு இரண்டாம் எண். ஒன்றும் தெரியாமலேயே போய் உட்கார்ந்தேன்.